தமிழ் வரவில்லையா? ஃபான்ட் மேல் பழி போடுவதற்கு முன்னால்

கும்பகோணத்தில் ஏதாவது ஒரு டிடிபி கடையில் கொஞ்ச நேரம் நின்றால், "ஃபான்ட் இல்ல சார், அதான் தமிழ் வரல" என்று யாராவது சொல்வது காதில் விழுந்துவிடும். ஒரு கீயைத் தட்டினால் வேறு எழுத்து வருகிறதா, ஃபான்ட் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகை வாசகத்தைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறியாக நிற்கிறதா, ஃபான்ட் பிரச்சினை. இமோஜிக்குப் பதில் காலிக் கட்டம் வருகிறதா, அதுவும் ஃபான்ட். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் ஃபான்டின் வேலை. முதல் இரண்டுக்கும் ஃபான்டைத் தேடி இறக்கிக்கொண்டே இருந்தால் ஹார்ட் டிஸ்க் நிறையுமே தவிர தமிழ் வராது.

ஒரு எழுத்து நம் விரலில் தொடங்கித் திரையில் தெரிவதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தமிழ், தெலுங்கு, அரபு, இமோஜி எல்லாமே ஒரே கதைதான். முதலில் அந்தக் கதை, அப்புறம் கம்ப்யூட்டரில் எதை எங்கே மாற்றுவது என்பது.

கீக்குத் தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது

கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீருக்குத் தான் எந்த வயலுக்குப் போகப்போகிறோம் என்று தெரியாது. காவிரி மதகைத் திறந்தால் காவிரியில் ஓடும், வெண்ணாற்று மதகைத் திறந்தால் வெண்ணாற்றில் ஓடும், கல்லணைக் கால்வாய் மதகைத் திறந்தால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போகும், அதிகமாக வந்தால் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். தண்ணீர் ஒன்றுதான், போகும் இடத்தை முடிவு செய்வது மதகு.

கீபோர்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் 'கே' என்று அச்சடித்த கீயை அமுக்கும்போது, 'கே' என்ற எழுத்து கம்பி வழியாகப் போவதில்லை. இன்ன வரிசையில் இன்ன இடத்தில் இருக்கும் கீ அமுக்கப்பட்டது என்கிற ஒரு எண் மட்டும்தான் போகிறது. அந்த எண்ணை வாங்கி, இதற்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் லேஅவுட். ஆங்கில லேஅவுட் இயங்கும்போது அதே கீ 'கே', தமிழ் 99 லேஅவுட் இயங்கும்போது 'ம', இன்ஸ்கிரிப்ட் இயங்கும்போது 'க'. கீ மேல் ஒட்டுவதற்குத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் விற்கிறார்களே, அது நம் கண்ணுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்குத் தமிழ் வரைக்கும் போகவே வேண்டாம். சில கம்ப்யூட்டர்களில் ஈமெயில் முகவரி அடிக்கும்போது 'அட்' குறிக்கு ஷிப்ட்டோடு 2 அமுக்கினால் இரட்டை மேற்கோள் வரும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்குகிறவர்கள் உண்டு. கெட்டதெல்லாம் ஒன்றும் இல்லை. யாரோ 'இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம்' லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பிரிட்டன் பட்டியலில் அந்த இரண்டு குறிகளும் இடம் மாறி இருக்கும், அவ்வளவுதான். அதே மாதிரி 'இங்கிலீஷ் இந்தியா' லேஅவுட்டில் வலது பக்க ஆல்ட்டோடு 4 அமுக்கினால் ₹ வரும். அமெரிக்க லேஅவுட்டில் எவ்வளவு அமுக்கினாலும் வராது.

திரைக்குப் பின்னால் எழுத்து என்பது ஒரு எண்

லேஅவுட் ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் கம்ப்யூட்டர் அதைப் படமாகச் சேமிக்காது, எண்ணாகச் சேமிக்கும். உலகத்தின் எல்லா எழுத்து முறைகளுக்கும் ஒரே பட்டியலில் எண் கொடுக்கும் பொது ஏற்பாட்டுக்குத்தான் யூனிகோடு என்று பெயர். தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே அதில் இடம் பிடித்துவிட்டது. 'அ' 2949, 'க' 2965. சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் சிங்கப்பூரில் இருக்கும் போனுக்கும் இதே எண்கள்தான், அதனால்தான் நீங்கள் மன்னார்குடியிலிருந்து அனுப்பும் செய்தி அங்கேயும் தமிழாகவே தெரிகிறது.

'தமிழ்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து எண்: த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் இருப்பதால்தான் 'ழ்' மேல் ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடித்தால் புள்ளி மட்டும் போய் 'ழ' நிற்கிறது. 'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. கண்ணுக்கு ஒரே உருவம், உள்ளே ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு எண். இணைய விண்ணப்பத்தில் "அதிகபட்சம் 20 எழுத்து" என்று போட்டிருக்கும் கட்டத்தில் நம் பெயர் பாதியில் வெட்டுப்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அது எண்ணைத்தான் எண்ணுகிறது.

ஃபான்ட் கடைசியில்தான் வருகிறது

எண்ணைப் பார்த்து, அதற்குரிய உருவத்தைத் திரையில் வரையும் கோப்புதான் ஃபான்ட். விண்டோஸ் 2000 காலத்தில் 'லதா' வந்தது, விண்டோஸ் 8இலிருந்து 'நிர்மலா யுஐ' கூடவே வருகிறது. ஆகவே இன்றைக்கு வாங்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஃபான்ட் இல்லாமல் இருக்காது. நீங்கள் ஏரியல் ஃபான்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் தமிழ் அடித்தாலும் தமிழ் தெரியும். ஏரியலில் தமிழ் உருவங்கள் இல்லை என்றாலும் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் நிர்மலாவிடம் கடன் வாங்கி வரைந்துவிடும்.

அப்படியானால் டிடிபி கடையில் ஏன் எதற்கெடுத்தாலும் ஃபான்ட் என்கிறார்கள்? அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, அவர்கள் தொழில் கற்ற காலத்தில் அது உண்மையாகவே ஃபான்ட் பிரச்சினையாகத்தான் இருந்தது. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துகளின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தன. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க நீங்கள் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி. கோப்புக்குள்ளும் 106, 107, 112, 111, 59 என்று அந்த ஆங்கில எண்களே கிடக்கும். பாமினி ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால் அது 'தமிழ்'. இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜேகேபிஓ. இதில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தது, ஆகவே ஒரு அச்சகத்தின் கோப்பு எதிர்த்த அச்சகத்தில் திறக்காது.

இன்னொரு சிக்கலும் அதிலேயே இருக்கிறது. பழைய ஃபான்ட்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்பார்கள்: 'கொ' வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். யூனிகோடில் க முதலில் வரும், ஒகரக் குறி பின்னால் வரும், கொம்பை இடது பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் பாடு. பழைய கோப்பை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் இந்த வரிசையையும் சேர்த்து மாற்ற வேண்டும். சரியாக மாற்றாதபோதுதான் கொம்பு ஒரு பக்கம் க ஒரு பக்கமாக உதிர்ந்து கிடக்கும் வாசகங்களைப் பார்க்கிறோம்.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ் எல்லாம் பழைய ஃபான்டிலேயே ஓடுவதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழே தெரியாது, அடோபி அதைப் புதுப்பிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, ஆனால் கடையில் இருக்கும் பத்து இருபது வருஷ டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அடோபியின் புதிய மென்பொருளான இன்டிசைனுக்கு மாறுகிறவர்கள்கூட அதில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டிவிட்டு, புள்ளியும் கொம்பும் சிதறுவதைப் பார்த்து, பழையபடி பேஜ்மேக்கருக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததை ஒரு தடவை ஓட்டிவிடுவோம். கீ ஒரு இடத்தைச் சொல்கிறது. லேஅவுட் அதை எழுத்தாக்குகிறது. யூனிகோடு அந்த எழுத்துக்கு எண் கொடுக்கிறது. ஃபான்ட் அந்த எண்ணைப் படமாக வரைகிறது. தப்பான எழுத்து வந்தால் லேஅவுட்டைப் பாருங்கள். வாசகம் ஒட்டும்போது குப்பையாக மாறினால் எண்ணைப் பாருங்கள், அதாவது அது யூனிகோடா பழைய ஃபான்டா என்று. கட்டம் வந்தால் மட்டும் ஃபான்டைப் பாருங்கள்.

எந்த லேஅவுட் யாருக்கு

இதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சி தமிழ் 99, அதை மறைக்கப்போவதில்லை, ஆனால் மற்றவற்றுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு.

தமிழ் 99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட லேஅவுட். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். இடது விரல்கள் இயல்பாக நிற்கும் வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது விரல்கள் நிற்கும் வரிசையில் க, ப, ம, த, ந. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், அதில் ஒரு தாளம் வந்துவிடும். இதைவிட அழகு, புள்ளியைப் பல இடங்களில் நாமே வைக்க வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதன் மேல் தானாகப் புள்ளி விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று சேர்ந்தே வரும் இணைகளுக்கும் இதே சலுகை உண்டு. 'தஞ்சாவூர்' என்றால் த, ஞ, ச, ஆ, வ, ஊ, ர, புள்ளி. எட்டுத் தட்டில் ஊர் வந்துவிடும், ஷிப்ட்டைத் தொடவே வேண்டாம். 'மமதை' மாதிரி புள்ளி விழக்கூடாத இடம் வந்தால் நடுவில் அ கீயை ஒரு தட்டு தட்டினால் போதும்.

டைப்ரைட்டர் லேஅவுட், பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பையே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை என்று எந்த ஊரிலும் கடைத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்திருக்கும். அங்கே லோயர், ஹையர் தேர்வுகளை முடித்துவிட்டு வந்தவர் விரலில் அந்த அமைப்பு ஊறிப்போயிருக்கும். அவரைத் தமிழ் 99 கற்றுக்கொள்ளச் சொல்வது வீண் வேலை. என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் டைப்ரைட்டர் அமைப்பில் தட்டியே யூனிகோடு தமிழை வரவழைக்கலாம். பாமினி அமைப்பும் அவற்றில் உண்டு. டிடிபிக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை: விரல் பழக்கத்தை மாற்றாமலேயே எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே தட்டுங்கள், கோப்புக்குள் போவது 2980, 2990 என்று யூனிகோடாக இருக்கும்.

ஒலிபெயர்ப்பு, அதாவது தங்கிலீஷில் அடித்துத் தமிழாக்குவது, கண்டிப்பாகச் சொன்னால் லேஅவுட்டே இல்லை. ஒரு கீக்கு ஒரு எழுத்து என்று இங்கே இருக்காது. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து நீங்கள் தட்டும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு தமிழ் எழுத்தாக மாற்றும். இப்படி நடுவில் உட்காருவதற்கு இன்புட் மெத்தட் என்று பெயர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் 'அஞ்சல்' முறை இதில் பழையது, இன்றும் மேக்கில் கூடவே வருகிறது. போனில் பழகியவர்களுக்கு இதுதான் சுலபம், பத்தே நிமிஷத்தில் கை வந்துவிடும். ஆனால் நீளமாக எழுத ஆரம்பித்தால் ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் இருக்கிறது என்பது உறுத்தத் தொடங்கும். எது சின்ன எழுத்து, எது பெரிய எழுத்து, ழ-வுக்கு எது என்று மண்டைக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் நாலு வரி போடுவதற்குச் சரி, நாவல் எழுத வேண்டாம்.

இன்ஸ்கிரிப்டை யாரும் சீண்டுவதில்லை, ஆனால் நம் பகுதியில் அதற்கு ஒரு தனி உபயோகம் இருக்கிறது. இந்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகக் கொண்டுவந்த அமைப்பு இது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே கீ. தமிழில் க எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில்தான் தெலுங்கின் க, தேவநாகரியின் க. திருவையாறு இசைக் கல்லூரியில் படிக்கும் ஒருவர் தியாகராஜர் கிருதிகளைத் தெலுங்கிலேயே அடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால், தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வேலை செய்கிறவர் தமிழ், சமஸ்கிருதம், மராத்தி, தெலுங்கு நான்கையும் ஒரே நாளில் தொட வேண்டி வந்தால், இன்ஸ்கிரிப்டை ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். மொழியை மாற்றினால் எழுத்து மாறும், விரல் மாறாது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளை மட்டும் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாகூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் மேலே ஒரு வரி அரபு வரும். அதற்கு அரபு லேஅவுட்டைச் சேர்த்துக்கொள்வது சுலபம். திகைக்க வைப்பது திசை. அரபு எழுத்துக்கு வலமிருந்து இடம் என்பது அதன் எண்ணோடு சேர்ந்தே வரும் குணம், ஆகவே நீங்கள் எதையும் திருப்பி அடிக்க வேண்டாம், உச்சரிக்கும் வரிசையிலேயே அடியுங்கள், திரை பார்த்துக்கொள்ளும். ஒரே வரியில் தமிழும் அரபும் கலந்தால் மட்டும் கர்சர் இங்கும் அங்கும் குதிக்கும். அது கோளாறு இல்லை, ஆனாலும் அரபைத் தனி வரியில் வைத்துவிட்டால் தலைவலி இருக்காது.

விண்டோஸில் அமைப்பது

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' போங்கள். 'ஆட் எ லாங்குவேஜ்' அமுக்கித் தமிழ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் திரையில் 'செட் அஸ் மை விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டு, மெனுவெல்லாம் தமிழாக மாறி, பயந்துபோய்த் தமிழையே நீக்கியவர்கள் நிறைய. மெனு எந்த மொழியில் இருக்கிறது என்பதும் நீங்கள் எந்த மொழியில் அடிக்கிறீர்கள் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள்.

தமிழ் சேர்ந்த பிறகு அதன் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' போங்கள். முக்கால்வாசிப் பேர் இந்தப் படியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். விண்டோஸ் தானாகவே ஒரு தமிழ் கீபோர்டைச் சேர்த்து வைத்திருக்கும், அது நீங்கள் நினைத்த அமைப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே 'ஆட் எ கீபோர்டு' கொடுத்து உங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துவிட்டு, வேண்டாததை நீக்கிவிடுங்கள். இரண்டு மூன்று தமிழ் அமைப்புகளை ஒன்றாக வைத்திருந்தால், எது எப்போது இயங்குகிறது என்று தெரியாமல் விரல் ஒன்று தட்டும், திரை ஒன்று காட்டும்.

மொழி மாற்றுவதற்கு விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்பார். எது இயங்குகிறது என்பது திரையின் கீழ் வலது மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தெரியும். கீபோர்டு அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி லேஅவுட் வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. வேர்டில் தமிழ், பிரௌசரில் ஆங்கிலம் என்று வேலை செய்கிறவர்கள் அதை இயக்கிக்கொள்ளலாம்.

மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'கீபோர்டு', 'இன்புட் சோர்சஸ்' வழியாகப் போனால் தமிழுக்குள் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் இருக்கும். மாற்றுவதற்குக் கன்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும். லினக்ஸில், க்னோம் என்ற டெஸ்க்டாப் அமைப்பாக இருந்தால், இதே மாதிரி கீபோர்டு செட்டிங்ஸில் சேர்க்கலாம். தமிழ் 99 பட்டியலில் தெரியவில்லை என்றால் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

இமோஜியும் எழுத்துதான்

இமோஜியைப் பலர் குட்டிப் படம் என்று நினைக்கிறார்கள், போட்டோ அனுப்புவது மாதிரி அதுவும் படமாகவே போகிறது என்று. இல்லை. 🙏 என்பது யூனிகோடில் 128591ஆம் எண். 'க' எப்படி 2965 என்ற எண்ணாகப் போகிறதோ அப்படியே இதுவும் போகிறது. வரைவது அந்தப் பக்கத்துக் கருவியில் இருக்கும் ஃபான்ட். ஆப்பிள் ஒரு மாதிரி வரையும், விண்டோஸ் வேறு மாதிரி, ஆண்ட்ராய்டு இன்னொரு மாதிரி. நீங்கள் அனுப்பிய சிரிப்பு அங்கே போய் இளிப்பாகத் தெரிந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 1999இல் 176 இமோஜிகளைக் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. அங்கேயும் நம் பாமினி காலத்துக் கூத்துதான். ஒவ்வொரு போன் நிறுவனத்துக்கும் தனித் தனி எண், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சரியாகத் தெரியாது. 2010 அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0 நூற்றுக்கணக்கான இமோஜிகளுக்குப் பொது எண் கொடுத்த பிறகுதான் தீர்ந்தது. அதே பதிப்பில்தான் நம் ₹ குறியும் எண் வாங்கியது, இந்தியா அதை ஏற்றுக்கொண்ட சில மாதத்திலேயே. நெற்கதிர் 🌾 வந்ததும் அதில்தான். பலர் அதைக் கோதுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், யூனிகோடு பட்டியலில் அதற்குப் பெயர் நெற்கதிர் என்றே இருக்கிறது. டெல்டாக்காரர்கள் தாராளமாக உபயோகிக்கலாம்.

டெஸ்க்டாப்பில் இமோஜி அடிக்க எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் கீயோடு முற்றுப்புள்ளி கீ. ஒரு சின்னப் பலகை திறக்கும், அதில் 'ரைஸ்', 'டெம்பிள்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடலாம். ஆங்கில லேஅவுட்டுக்கு மாறிக்கொண்டு தேடினால் சுலபம். அந்தப் பலகையிலேயே ரூபாய், டிகிரி போன்ற குறிகளும் இன்னொரு பக்கத்தில் இருக்கும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ்பார் மூன்றும் சேர்த்து.

சில இமோஜிகள் 'ஸ்ரீ' மாதிரி கூட்டு எழுத்துகள். ஒரு கையும் அதன் தோல் நிறமும் இரண்டு எண். நிறம் தேர்ந்தெடுக்கும் வசதி 2015இல் வந்தது. அப்பா, அம்மா, குழந்தை சேர்ந்த குடும்பப் படம் என்றால் மூவருக்கும் தனித்தனி எண், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பு எண். பழைய கருவிக்கு அந்த இணைப்பு புரியாவிட்டால் மூவரும் தனித்தனியாக நிற்பார்கள். தேசியக் கொடியும் இரண்டு எழுத்துகளின் கூட்டு, 'ஐ', 'என்'. விண்டோஸ் தன் ஃபான்டில் நாட்டுக் கொடிகளை வரைவதில்லை, ஆகவே சுதந்திர தினத்தன்று நீங்கள் போனிலிருந்து அனுப்பிய கொடி ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெறும் இரண்டு ஆங்கில எழுத்தாகத் தெரியலாம். தமிழோ இமோஜியோ, பல எண்களைச் சேர்த்து ஒரு உருவமாக வரையும் வேலை ஒன்றேதான்.

கட்டம் ஏன் வருகிறது

எண் இருக்கிறது, அதை வரைய ஃபான்டில் உருவம் இல்லை என்றால் கட்டம் வரும். இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0இல் கோயில் 🛕, அகல்விளக்கு 🪔, ஆட்டோ 🛺, புடவை 🥻 நான்கும் சேர்ந்தன. அதே பதிப்பில் 'தமிழ் சப்ளிமெண்ட்' என்ற பெயரில் 51 தமிழ்க் குறிகளும் சேர்ந்தன. பழைய பின்ன எண்கள், நெல்லைக் குறிக்கும் குறி, குறுணி, பதக்கு, வேலி, நன்செய், உப்பளம் என்று தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய கணக்கு நோட்டுகளிலிருந்து எடுத்துவைத்த மாதிரி ஒரு பட்டியல். ஆட்டோவும் புடவையும் சீக்கிரமே எல்லாப் போனிலும் தெரிய ஆரம்பித்துவிட்டன, ஏனென்றால் பெரிய நிறுவனங்கள் இமோஜி ஃபான்டை விடாமல் புதுப்பிக்கின்றன. குறுணியும் பதக்கும் இன்னும் பல கம்ப்யூட்டர்களில் கட்டமாகத்தான் நிற்கின்றன. அவற்றுக்கு உண்மையிலேயே ஃபான்ட்தான் வேண்டும். கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்' இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவினால் தெரியும். ௳, ௴, ௵ என்ற நாள், மாத, வருடக் குறிகள் இதைவிட முன்பே சேர்ந்தவை என்பதால் அவை சாதாரண ஃபான்ட்களிலேயே தெரியும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகளில் புது இமோஜி எல்லாம் கட்டமாக வருவதும் இதே காரணத்தால்தான். அங்கே கட்டத்தைப் பார்த்ததும் செய்தி கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எண் பத்திரமாக உள்ளே இருக்கிறது, அதே செய்தியைப் புதிய போனுக்கு அனுப்பினால் விளக்கு எரியும்.

அடிக்கடி வரும் சில சிக்கல்கள்

வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ் பேஜ்மேக்கரில் கேள்விக்குறியாக வந்தால் ஃபான்டை மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. யூனிகோடைப் பாமினி எண்ணுக்கு மாற்றித் தரும் மாற்றி ஒன்றில் போட்டு எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கொ, கோ, கௌ வரும் வார்த்தைகளையும் ஸ்ரீ, ஜ வரும் பெயர்களையும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மாற்றிகள் சறுக்குவது அங்கேதான். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக வந்த பிறகு மாற்றியைத் திட்டிப் பலன் இல்லை. இமோஜி இருந்தால் மாற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பாமினியில் அதற்கு இடமே கிடையாது.

பழைய பிடிஎஃபிலிருந்து தமிழைக் காப்பி செய்தால் ஆங்கிலக் குப்பை வருகிறதா, அது பழைய ஃபான்டில் செய்த பிடிஎஃப். அதை எதிர்த்திசையில், பாமினியிலிருந்தோ வேறு எந்த ஃபான்டோ அதிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த ஃபான்ட் என்பதைப் பிடிஎஃபின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது என்பது தமிழ் சேர்த்த புதிதில் எல்லோருக்கும் வரும். பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அடிப்பது தமிழாக இருந்தாலும் நமக்குத் தெரியாது. விண்டோஸின் நுழைவுத் திரையிலேயே கீழ் வலது மூலையில் மொழியைக் காட்டும் பட்டன் இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஒரு தடவை நிதானமாக அடித்துப் பாருங்கள், அதற்கப்புறமும் திறக்கவில்லை என்றால்தான் பாஸ்வேர்டை மாற்றும் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.